பதுவாவில் படிக்கும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். இத்தாலியின் பதுவாவில் உனக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்த நாள் முதல் உன் அம்மா செவ்வாய்தோறும் அந்தோனியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வருகிறாள். காணாமற்போன சாவியையும் மோதிரத்தையும் மீட்டுத் தருபவராகவே, கோடி அற்புதர் என்று நாம் அழைக்கும் அந்தப் பதுவா அந்தோனியாரை அறிவோம். அவர் வாழ்ந்த வாழ்க்கையை நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை.

லிஸ்பனில் பிறந்தவர் அவர். அகுஸ்தீனார் சபைத் துறவியாகக் கொயிம்பிராவில் இருந்தபோது, மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் 1220-இல் அங்கே கொண்டுவரப்பட்டன. அதன்பின் அந்தப் பிரான்சிஸ்கன் சபைக்கு மாறி, பெயரும் மாற்றிக்கொண்டு, தாமும் மொராக்கோவுக்குக் கப்பலேறினார். போன இடத்தில் நோயில் விழுந்தார். திரும்பிய கப்பலையோ காற்று சிசிலிக்குத் தள்ளியது. அப்படித்தான் இத்தாலிக்கு வந்தார். 1222-இல் போர்லி நகரில், பேச வேறு யாரும் முன்வராததால் அவரை எழுந்து பேசச் சொன்னபோதுதான் அவருடைய கல்வியும் நாவன்மையும் வெளிப்பட்டன. அதன்பின் வட இத்தாலியிலும் தென் பிரான்சிலும் ஊர் ஊராகச் சென்று மறையுரை ஆற்றினார்.

நான் சொல்ல வந்தது 1231-ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தைப் பற்றி. பதுவாவில் நாள்தோறும் அவர் பிரசங்கிக்க, கோயில்கள் கொள்ளாத கூட்டம் வெளியிடங்களில் திரண்டது. கடனை அடைக்க முடியாதவர்கள் சிறையில் கிடந்த ஊர் அது. அந்த மார்ச்சில், தன் உடைமைகளை விட்டுக்கொடுப்பவரைப் பணக்கடனுக்காகச் சிறையில் வைக்கக் கூடாதென்று நகர ஆட்சி சட்டம் இயற்றியது. அது சகோதரர் அந்தோனியாரின் வேண்டுகோளால் என்பது அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வட்டிக்காரர் ஒருவர் நம் பழைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, உன் ஆச்சியின் பித்தளைக் குடத்தைச் சுண்டிப் பார்த்து விலை மதித்த காலைநேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உன் தாத்தா தலை நிமிரவே இல்லை. எத்தனை அற்புதங்களைக் கேட்டிருந்தாலும் எனக்கு இந்தச் சட்டமே பெரிதாகத் தெரிவது அதனால்தான்.

எல்லாம் கைகூடியதென்று எண்ணிவிடாதே. வெரோனாவில் கைதிகளை விடுவிக்க, அங்கே அதிகாரம் செலுத்திய எசெலினோவிடம் மன்றாடி, வெறுங்கையோடு திரும்பியவரும் அவரே. அந்த ஜூன் 13-ஆம் நாள், கம்போசம்பியேரோவிலிருந்து மாட்டுவண்டியில் பதுவாவுக்குக் கொண்டுவரப்படும் வழியில், நகரை எட்டும் முன்பே ஆர்செல்லாவில் உயிர் பிரிந்தது. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

ஆர்செல்லா உன் ரயில் நிலையத்துக்கு வடக்கே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போய்ப் பார்த்துவிட்டு, அந்த இடம் எப்படி இருக்கிறதென்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா