படியிலிருந்து கிலோவுக்கு மாறியது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதத்திலிருந்து நம் கடையில் மாவைப் படியில் அளக்காமல் கிலோவில் நிறுத்துக் கொடுக்கிறோம். "முன்னே ஒரு படி வாங்கினா டப்பா விளிம்பு வரைக்கும் வரும், இப்போ கிலோ வாங்கினா நாலு விரல் குறையுது, அளவுல கை வைக்கிறாங்க" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அப்பா காலத்து வாடிக்கையாளர்களே எனக்கு அதை அனுப்பியிருக்கிறார்கள். விலை கூட என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அளவு குறை என்ற சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

படி பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் உடம்புக்கு முடியாமல் சொந்த ஊருக்குப் போய்விட்டது உங்களுக்கே தெரியும். இருபது வருடமாக ஒரே கை. மாவைச் சரித்து நிரப்பி, குலுக்காமல் தலை தட்டுவார். இப்போது வந்திருக்கும் பையன்கள் ஒருவன் அமுக்குகிறான், ஒருவன் தட்டுகிறான்.

சரி, எவ்வளவுதான் வித்தியாசம் வரும் என்று தராசை வைத்துப் பார்த்தேன். நம் 200 மில்லி ஆழாக்கில் பச்சரிசி மாவைச் சலித்து உதிர்த்துத் தலை தட்டினால் 104 கிராம். அதே மாவை மேஜையில் தட்டித் தட்டி நிரப்பினால் 142 கிராம். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. அப்படியானால் ஒரே படியில் 832 கிராமும் வரும், 1,136 கிராமும் வரும். யாரும் ஏமாற்றாமலே 300 கிராம் கூடும், குறையும். அரைத்த சூட்டோடு காற்றடைத்து உப்பியிருக்கும் மாவு மறுநாள் அமுங்கிவிடும், அது வேறு.

அண்ணன் கையில் ஒரு படி 900 கிராமை ஒட்டித்தான் வரும். இப்போது கிலோ முழுசாக வருகிறது. கவர் கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதால் மாவு இறுகி, டப்பாவில் கொட்டும்போது குறைவாகத் தெரிகிறது. வீட்டில் ஒரு முறை சலித்து டப்பாவில் போட்டுப் பாருங்கள், மாவு ஏறி வருவது கண்ணுக்கே தெரியும். 1956லேயே மெட்ரிக் அளவைச் சட்டம் வந்துவிட்டது. படியை விட மனசில்லாமல் நாங்கள்தான் இத்தனை நாள் இழுத்துக்கொண்டு வந்தோம். தராசுக்கு முத்திரை இருக்கிறது, கல்லாப் பக்கத்தில் சான்றிதழ் மாட்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ரிப்பன் பக்கோடாவுக்கு ஒரு அம்மா அரிசி மாவும் கடலை மாவும் அரை அரை கிலோ வாங்கி, வீட்டில் ஆழாக்குக்கு ஆழாக்கு போடுகிற பழக்கத்தில் அப்படியே கலந்துவிட்டார். கடலை மாவு லேசானது, ஆழாக்குக்கு 80 கிராம்தான் நிற்கும். அதனால் அது ஏகத்துக்கும் கூடிப்போய் பக்கோடா கெட்டுவிட்டது. இதை முதல் நாளே சொல்லாதது எங்கள் தப்பு. அதே ஆழாக்கில் சாதாரணமாக அள்ளித் தலை தட்டினால் அரிசி மாவு சுமார் 120, மைதா 100, ரவை 140 கிராம். அப்புறம், கேக் செய்கிறவர்கள் கவனியுங்கள்: குறிப்புகளில் வரும் அமெரிக்க கப் சுமார் 240 மில்லி, நம் ஆழாக்கைவிடப் பெரியது. கிராம் கொடுத்திருந்தால் கிராமையே பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டி சொன்ன பங்குக் கணக்கு என்றால், எல்லா மாவையும் ஒரே ஆழாக்கில் ஒரே மாதிரி அளந்து போடுங்கள்.

செய்தியைப் பார்த்த பிறகும் நேராகக் கடைக்கு வந்து, "என்ன தம்பி, என்ன ஆச்சு?" என்று கேட்டவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கொழுக்கட்டைக்கும் முறுக்குக்கும் வேறு கடை தேடாத குடும்பங்கள் நீங்கள். அந்த நம்பிக்கையில்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

சந்தேகம் இருப்பவர்கள் பழைய கவரைக் கொண்டு வாருங்கள், உங்கள் கண்முன் நிறுக்கிறேன். பத்து கிராம் குறைந்தாலும் புதுக் கவர் தருகிறேன். ஒன்றாம் தேதியிலிருந்து கிலோவுக்கு ஆறு ரூபாய் கூடுகிறது. பழைய படி கல்லா மேலேயே இருக்கிறது, அளந்து பார்க்க வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் மாவுக் கடைக்காரர்