சம்மதம் கேட்கும் முன்பே குக்கீ போடாதீர்கள்: இணையதளம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

இணையதளம் நடத்துவோருக்கும் அதை உருவாக்கித் தரும் நிரலாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் தளத்தை ஒரு பிரைவேட் விண்டோவில் திறங்கள். குக்கீக்கு, அதாவது வந்தவரின் பிரவுசரில் தளம் சேமித்துவைக்கும் சிறு குறிப்புக்கு, சம்மதம் கேட்கும் பெட்டியைத் தொட வேண்டாம். எஃப்12 அழுத்தி, குரோமில் அப்ளிகேஷன் பகுதியையும் ஃபயர்ஃபாக்ஸில் ஸ்டோரேஜ் பகுதியையும் பாருங்கள். வந்தவர் இன்னும் எதற்கும் சரி சொல்லவில்லை. ஆனாலும் விளம்பரக் குக்கீயும் வருகையை எண்ணும் குக்கீயும் அங்கே இருக்கின்றனவா? அப்படியானால் உங்கள் பெட்டி வெறும் அலங்காரம்.

இது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. பக்கத்தின் தலைப்பகுதியில், வருகையை எண்ணும் அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்டை நேரடியாக ஒட்டிவிடுகிறார்கள். பெட்டி அதன் பிறகுதான் வருகிறது. பதிலைக் குறித்துக்கொள்ளும் பெட்டி, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டை நிறுத்துவதில்லை. சம்மதம் கிடைத்த பிறகே அந்த ஸ்கிரிப்டைப் பக்கத்தில் சேருங்கள். பிறகு அழித்துக்கொள்ளலாம் என்றும் இருந்துவிட முடியாது: வேறு டொமைன் போட்ட குக்கீயை உங்கள் தளத்தால் அழிக்கவே முடியாது.

குக்கீயே தீங்கு என்று நாங்கள் சொல்லவில்லை. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான ஹெச்டிடிபிக்கு நினைவாற்றல் கிடையாது. முந்தைய கிளிக்கில் வந்தவரும் இப்போது வந்தவரும் ஒருவர்தான் என்று அதற்குத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மான்டுல்லி குக்கீயைக் கொண்டுவந்தார். லாகினுக்கும் வாங்கும் கூடைக்கும் அது வேண்டும், அதற்குத் தனிச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ‘அவசியமானவை’ என்ற அந்தத் தலைப்புக்குள் விளம்பரக் குக்கீயை நுழைக்காதீர்கள்.

அவசியமான குக்கீயிலும் கவனம் வேண்டும். லாகின் குக்கீக்கு மூன்று குறிகள் கட்டாயம். ஹெச்டிடிபி-ஒன்லி இருந்தால் பக்கத்தில் புகுந்த கள்ள ஸ்கிரிப்டால் அதைப் படிக்க முடியாது. செக்யூர் இருந்தால் மறையாக்கம் இல்லாத இணைப்பில் அது போகாது. சேம்சைட் லாக்ஸ் இருந்தால் வேறு தளத்தின் படிவம் உங்கள் பயனர் பெயரில் போஸ்ட் (POST) முறையில் கோரிக்கை அனுப்பும்போது அது கூடப் போகாது.

லாக்அவுட்தான் அதிகம் சறுக்கும் இடம். குக்கீயை அழிக்க, போட்டபோது இருந்த அதே பெயர், அதே டொமைன், அதே பாத் (தளத்தில் அந்தக் குக்கீ செல்லும் பகுதி) வேண்டும். ‘/கணக்கு’ என்ற பாத்தில் போட்டதை ‘/’ என்ற பாத்தில் அழிக்கப் பார்த்தால், பிழை எதுவும் காட்டாது. குக்கீ மட்டும் அங்கேயே இருக்கும். சரியாக அழித்தாலும் சர்வரில் அந்த செஷனை, அதாவது அந்த லாகினின் பதிவை, முடிக்காவிட்டால், குக்கீயை ஏற்கெனவே நகலெடுத்தவர் தொடர்ந்து உள்ளே வரலாம். கெடு போடாத செஷன் குக்கீ பிரவுசரை மூடினால் போய்விடும் என்றும் நம்ப வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியை வைத்திருப்பவருக்கு அதுவும் திரும்பி வரும். காலக்கெடுவைச் சர்வரிலேயே வையுங்கள்.

முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. உங்கள் பயனர் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த மரியாதை அவருக்கு உரியதே. ‘ஏற்கிறேன்’ பொத்தான் இருக்கும் அதே திரையில், அதே அளவில் ‘மறுக்கிறேன்’ பொத்தானும் இருக்கட்டும்.

‘மறுக்கிறேன்’ என்ற பதிலை நினைவில் வைக்கவும் ஒரு குக்கீ வேண்டும். சம்மதத்தை ஓராண்டு நினைவில் வைக்கும் தளங்கள் பல, மறுப்பை அடுத்த வருகையிலேயே மறந்து மீண்டும் கேட்கின்றன. சம்மதத்துக்கு எத்தனை நாள் கெடு போட்டிருக்கிறீர்களோ, மறுப்புக்கும் அத்தனை நாள் போடுங்கள்.