கேட்கிற விலையும் கைமாறிய விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழில், பழைய ஒரு ரூபாய்க் காசு இணையத்தில் பல லட்சத்துக்கு 'விலை போகிறது' என்று ஒரு பெட்டிச் செய்தி வந்தது. அன்று மதியமே செவ்வாய்ப்பேட்டையில் என் வீட்டுத் திண்ணையில் மூன்று பேர் காசு முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது வருடம் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவன் நான். வெள்ளி என்றால் என்னிடம் வந்து கேட்பது எங்கள் தெருவில் வழக்கம். யாரோ ஒருவர் கேட்கிற விலையைத்தான் தாங்கள் விலை போனதாகப் போட்டுவிட்டீர்கள் என்பது என் எண்ணம்.

இந்த மயக்கம் எனக்கும் இருந்ததுதான். அப்பா விட்டுப்போன பிஸ்கட் டின்னில் 26 வெள்ளி ரூபாய் இருந்தது. அதில் ஒன்று 1885-ஆம் வருட விக்டோரியா ராணி காசு. அதே காசுக்கு ஒரு விளம்பரத் தளத்தில் மூன்று லட்சம் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மாடி எடுக்கக் கொத்தனாரிடம் பேசும் அளவுக்குப் போய்விட்டேன். பொங்கலுக்கு வந்த மகள்தான், "அப்பா, இது அவங்க எழுதி வெச்ச விலை. வித்த விலை வேற பக்கத்துல இருக்கும்" என்று சொல்லி, ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காட்டினாள். சுமார் மூன்று மாதத்து விற்பனை தெரிந்தது. என் விக்டோரியாவின் கூடப்பிறந்ததுகள் வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத்தான் கைமாறியிருந்தன. கொத்தனாரிடம் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

மாட்டுச் சந்தையில் முடிந்த விலை துண்டுக்கு அடியில், இரண்டு பேர் விரலுக்குத்தான் தெரியும். இங்கே துண்டை எடுத்துத் திறந்தே வைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

பார்க்கிறபோதும் வருடம், முத்திரை, தேய்மானம் மூன்றும் நம் காசோடு ஒத்துப்போகிற காசைப் பார்க்க வேண்டும். 1911-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசர் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று சலசலப்பு வந்து, புழக்கத்துக்கு விடாமல் நிறுத்தியதையெல்லாம் உருக்கிவிட்டார்கள். மறு வருடமே யானையைத் திருத்திவிட்டார்கள். அதனால் 1911-க்கு ஒரு விலை, 1912-க்கு ஒரு விலை. எங்கள் தொழிலில் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் ஒரு தோலா, 11.66 கிராம், 91.7 டச், அதாவது நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. உருக்குகிற மூசையில் போட்டால் எது பன்றி, எது யானை?

தேய்மானம் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. விற்பதற்கு முன்னால் பளபளப்பாக இருக்கட்டும் என்று 26 காசையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து வைத்தேன். கொலுசை அப்படித்தானே தேய்ப்போம்! சேகரிக்கிறவர்களுக்கு நாள்பட வெள்ளியில் ஏறிய அந்தக் கருப்புதான் வேண்டுமாம். தேய்த்த காசுகள் விற்ற விலையைத் தனியாகத் தேடிப் பார்த்தபோது, இரண்டு மணி நேர வேலையில் நான் எவ்வளவு தொலைத்தேன் என்று புரிந்தது. காசுமாலையில் கோக்கக் குண்டா என்கிற வளையம் பற்ற வைத்த காசென்றால் பெரும்பாலும் எடைக்குத்தான் போகும்.

இன்னொன்று. ஈபேயில் தெரிகிற விற்பனையில் பெரும் பகுதி வெளிநாட்டில் நடப்பது. அங்கே நூறு பவுண்டுக்குப் போனது என்று நாம் கணக்குப் போட முடியாது. நூறு வருடம் கடந்த காசை நாமாகவே வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. நமக்குப் பொருந்துகிற விலை வேண்டுமென்றால் மும்பை டோடிவாலா, பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ் மாதிரி ஏலக்காரர்கள் ஏலம் முடிந்ததும் வெளியிடுகிற முடிவுகளைப் பார்க்கலாம். அதிலும் விற்பவர் தலையில் விழுகிற கமிஷனைக் கழித்தால்தான் கைக்கு வருவது தெரியும்.

பழைய காசு வாங்குகிறோம் என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கிறவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. அப்படியும் எங்கள் தெருக்கோடிக்காரர் ஒருவர் 'பதிவுக் கட்டணம்' கட்டிவிட்டு இன்னும் போன் வரும் என்று காத்திருக்கிறார்.

இனி இப்படிச் செய்தி போடும்போது, எந்த ஏலத்தில், எந்தத் தேதியில், எவ்வளவுக்குப் போனது என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அந்த வரி கிடைக்காவிட்டால் செய்தியே வேண்டாம்.

திண்ணைக்கு வந்த மூவரில் ஒரு அம்மா ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்தவர். எஸ்டேட் வேலை. தங்கள் செய்தியைக் கத்தரித்து நாலாக மடித்து, மஞ்சள் பைக்குள் வைத்திருந்தார். அவரிடம் இருந்தது 1944-ஆம் வருடத்து ரூபாய் நான்கு. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. நான்கும் சேர்த்தால் சுத்த வெள்ளி 23 கிராம் சொச்சம். கணக்கைச் சொன்னேன். காசை மறுபடி முடிந்துகொண்டே, "பேப்பர்லயே போட்டிருக்காங்களே, பொய்யாங்கய்யா?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்குத் தாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெள்ளிப் பட்டறைக்காரர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.