தறி இருக்கிறது, நார் இருக்கிறது, நூற்க ஓர் இடம் தாருங்கள்

கிழக்கு மாகாணத்தில் கிராமியக் கைத்தொழிலுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் மட்டக்களப்பில் இளம் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்கிறேன். தொளதொளவென்ற சேர்ட், ஹூடி, தொப்பி, தோளில் மாட்டும் பை, இவைதான். இவற்றை நம் மண்ணில் வீணாகப் போகும் நாரிலும் பஞ்சிலும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

வீட்டு வளவில் குலை வெட்டிய வாழையை ஒருநாள் வீசாமல் வைத்துக்கொண்டேன். மட்டையை உரித்து, பலகையில் வைத்து, மொட்டைக் கத்தியால் வழித்தேன். சதையும் நீரும் போக, கையில் நார் நின்றது. வெளிமட்டை நார் முரடு. உள்ளே போகப் போக மெல்லிசு. நிழலில் காய்ந்ததும் பட்டு மாதிரி மினுங்கியது.

அதை மருதமுனைக்குக் கொண்டுபோனேன். சாரத்துக்கும் சேலைக்கும் பேர்போன ஊர். மூத்த நெசவாளர் ஒருவர் நீளவாக்கில் பருத்திப் பாவு போட்டு, இந்த நாரைக் குறுக்கே ஊடையாக ஓட்டிப் பார்த்தார். அன்று வறண்ட கச்சான் காற்று. நாலு விரல் அகலம்கூட நெய்யவில்லை, நார் பட்பட்டென்று அறுந்தது. "ஈரம் காய விடாத தம்பி" என்றார். ஈரத்துணியில் சுற்றி வைத்து, மறுநாள் விடியற்காலை ஓட்டினோம். சரியாக ஓடியது. கழுத்தில் வைத்தால் அரிக்கும் என்பதால் அந்தத் துணியை ஒரு சேர்ட்டின் இரண்டு பொக்கெட்டுக்கு வெட்டினேன். அந்த அளவுக்கு நாரை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு நீட்டவே எனக்கு மூன்று நாள் போயிற்று.

எங்கள் குறை இதுதான். செடி இருக்கிறது, தறி இருக்கிறது, நடுவில் நூற்க ஆளும் இடமும் இல்லை. தறியில் ஏறும் பருத்தி நூல் பெரும்பாலும் இந்தியாவில் இருந்து வருகிறது. 2022இல் டொலர் ஏறியபோது நெசவாளர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

எருக்கலையைப் பாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமல் கடற்கரை மணலில் வளர்கிறது. பூவைப் பிள்ளையாருக்குப் பறிப்பதோடு சரி, காய் வெடித்தால் பஞ்சு காற்றோடு போய்விடும். அந்த இழை உள்ளே குழாய்போல் வெறுமையாக இருப்பதால் பாரமில்லாமல் சூட்டைக் காக்கும். மட்டக்களப்பு வெயிலுக்கு அது வேண்டாம், ஆனால் நுவரெலியாக் குளிருக்கு ஹூடி வேண்டுமே! குட்டையான, வழுக்கும் இழை, தனியே நூற்க வராது. பருத்தியோடு கலந்தால் வரும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் அப்படிச் செய்கிறார்கள். ஒகினாவாவில் வாழை இனத்து நாரில் நெய்யும் பஷோஃபு துணி நெசவை யப்பான் அரசு 1974இலேயே முக்கியமான அருவக் கலாசாரச் சொத்தாக அறிவித்துவிட்டது.

நாங்கள் கேட்பது பெரிய தொழிற்சாலை அல்ல. நார் வழிக்க ஒரு சிறு இயந்திரமும், கலப்பு நூலைச் சில கிலோவாவது நூற்றுப் பார்க்க ஓர் இடமும் போதும். சாயம் நிற்குமா, கழுவினால் சுருங்குமா என்று சோதிக்க ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தையும் நீங்கள் கேட்டால் கதவு திறக்கும். எருக்கலம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் காய் பறிக்கப் போகிறவர்களுக்குக் கையுறையும் கண்ணாடியும் முதலில் வேண்டும், கூலியும் கிலோவுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும்.

நேரம் ஒதுக்கினால் அந்தச் சேர்ட்டோடு வருகிறேன். பொக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். இருபது தடவை கழுவியாயிற்று, ஒரு முடிச்சும் அவிழவில்லை.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து ஒரு தையற்காரன்