சிம்லாவுக்கு முன்னால் ஹரியானா இருக்கிறது

ஆசிரியருக்கு,

வணக்கம். குளிர்கால விடுமுறையில் தில்லியிலிருந்து காரில் சிம்லா போவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வளைவில் ஹாரன், இறக்கத்தில் இரண்டாவது கியர், குழந்தைகளுக்கு வாந்தி மாத்திரை என்று மலைக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. சமவெளிக்கு ஒரே ஒரு வரிதான்: நெரிசலைத் தவிர்க்க அதிகாலை 3 மணிக்குக் கிளம்புங்கள் என்று. மே மாதத்துக்குச் சரி. மார்கழியில் இது ஆபத்தான யோசனை.

தில்லியிலிருந்து சிம்லா ஏறக்குறைய 350 கி.மீ. அதில் முக்கால் பங்கு, ஹரியானாவின் பானிபத், கர்னால், அம்பாலா தாண்டிக் கால்கா வரை, சமதரைதான். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அங்கே மூடுபனி பிடித்துக்கொள்ளும். கோதுமைக்குத் தண்ணீர் பாய்ச்சிய ஈர மண், காற்றே அசையாத நீண்ட இரவு, போதாததற்குப் புகை. விடியற்காலையில்தான் மூட்டம் உச்சத்தில் இருக்கும். பல நாட்களில் பத்து மணிக்குமேல்தான் விலகும். அது கரும்பு அரைவைப் பருவமும்கூட. சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் இழுத்துப்போகிற டிராலிகளில் பலவற்றுக்குப் பின்விளக்கே கிடையாது. கரும்புக் கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கண்ணில் படும்போது பிரேக் போட இடமிருக்காது. ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும், லோபீம்தான் உதவும். ஒன்றும் தெரியவில்லையே என்று நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு சாலையிலேயே நின்றுவிடுவது எல்லாவற்றிலும் மோசம். மெல்ல ஊர்ந்து ஒரு பெட்ரோல் பங்கிலோ தாபாவிலோ ஒதுங்கிவிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், நாம் பயப்படுகிற மலையில் பெரும்பாலும் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இந்த மூட்டம் தரையோடு ஒட்டிய சில நூறு மீட்டர்தான். மலை தொடங்கும் பர்வானு தாண்டித் தரம்பூர் ஏறுவதற்குள் பளிச்சென்று வானம் தெரிந்துவிடும்.

அரையாண்டு விடுமுறைக்கு ஊரிலிருந்து வருகிற உறவினர்கள், இரண்டே நாளில் சிம்லாவை முடித்துக்கொண்டு ஆக்ராவும் போக வேண்டும் என்பார்கள். இங்கே தில்லியில் உள்ள தமிழ் வீடுகளில் 3 மணிப் பயணம் இப்படித்தான் முடிவாகிறது. ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குமேல் கிளம்பலாம். வழியில் முர்த்தல் தாபாக்களின் பராத்தா எங்கேயும் ஓடிப்போகாது. இருட்டுவதற்குள் பர்வானுவிலோ சோலனிலோ தங்கிவிட்டு, மறுநாள் சாலையில் வெயில் விழுந்த பிறகு மேலே ஏறலாம். நிழலான வளைவுகளில் காலையில் உறைபனி வழுக்கும். சிம்லாவுக்குள் காரால் பெரிய பிரயோஜனம் இல்லை. கீழே கார்ட் ரோட்டில் நிறுத்திவிட்டு லிஃப்டில் மால் ரோட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்புறம், கிறிஸ்துமஸுக்குப் பனி பொழிந்தே தீரும் என்று குழந்தைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

திரும்பி வருவதைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. கடைசி நாளும் மாலை வரை சிம்லாவை அடுத்த குஃப்ரியில் இருந்துவிட்டு இறங்கினால், அம்பாலா வரும் நேரத்தில் மூட்டமும் இறங்கியிருக்கும். காலைச் சிற்றுண்டி முடிந்ததும் கிளம்புவதே நல்லது.

வானிலை ஆய்வுத் துறை ஹரியானாவுக்கும் மூடுபனி எச்சரிக்கை வெளியிடுகிறது. சிம்லாவின் வெப்பநிலையைப் பெட்டிச் செய்தியாகப் போட்ட நீங்கள், அடுத்த இதழில் அதையும் பார்க்கச் சொல்லி இரண்டு வரி போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயூர் விஹார், தில்லி