பால்வாடிப் படிப்பு நோட்டில் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிச் சேர்க்கை பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டணக் கொள்ளையை விரிவாக எழுதியிருந்தீர்கள், சரிதான். ஆனால் மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளை அங்கன்வாடிக்கோ நர்சரிக்கோ போய் என்னதான் கற்றுக்கொள்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. சென்னிமலை, காங்கயம் பக்கத்து ஒன்றியப் பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக்கு மேல் ஒன்றாம் வகுப்பு. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

ஜூன் முதல் வாரம் ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்றாலே எந்தப் பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். அங்கன்வாடிக்கு (எங்கள் பக்கம் இன்னும் பால்வாடிதான்) இரண்டு வருடம் போன பிள்ளை செருப்பை ஓரமாகக் கழற்றிவிடும், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கும், "டீச்சர், ஒன்னுக்கு வருதுங்க" என்று கேட்கும். வீட்டிலேயே இருந்த பிள்ளைக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வர ஆகஸ்ட் ஆகிவிடும். அதுவரை கால்சட்டை நனையும், மறுநாள் பள்ளிக்கு வரமாட்டேன் என்று அழுகை. அ, ஆ எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு வருடம், டவுன் நர்சரியில் யூ.கே.ஜி. முடித்த பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். நூறு வரை மூச்சுவிடாமல் சொல்வான். புளியங்கொட்டையைத் தரையில் கொட்டி, "இதுல ஏழு எடு கண்ணு" என்றேன். ஒன்னு, ரெண்டு என்று ஏழு வரை சொல்லி முடித்தான். கையில் இருந்தது நான்கு. வாய் ஓடிய வேகத்துக்கு விரல் ஓடவில்லை. பக்கத்தில் இருந்த பால்வாடிப் பிள்ளைக்கு இருபதுக்கு மேல் சொல்லத் தெரியாது, ஆனால் ஏழு என்றால் ஏழுதான் எடுப்பாள். வீட்டில் தறி நெய்கிற அம்மாவுக்கு, நூல் சுற்றுகிற தார்க்குச்சி எண்ணிக் கொடுத்தவள். மையத்திலும் தினமும் பயறு பிரிப்பது, மணி கோப்பது என்று பழகியிருந்தாள். கூட்டலுக்கு வந்தபோது அவளுக்கு நான் புதிதாக ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மொழியும் அப்படித்தான். ‘ஓ’ என்று போட்டு ஓணான் படத்தைக் காட்டினால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒரே குரலில் "ஒடக்கான்!" என்பார்கள். தப்பு ஒன்றுமில்லை, ஆனால் நெடில் போய்க் குறில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் பால்வாடி டீச்சர் கதை சொல்லும்போதே, "நாம ஒடக்கான்னு சொல்றோம், புஸ்தகத்துல ஓணான்னு இருக்கும்" என்று சொல்லி, ஒன்றைச் சுருக்கியும் இன்னொன்றை நீட்டியும் கைதட்டிச் சொல்ல வைத்திருந்தார். ஒரு எழுத்துகூட எழுதாமல் குறில் நெடில் பாடம் அங்கேயே முடிந்திருந்தது.

இதெல்லாம் நோட்டில் தெரியாதே, அதுதான் சங்கடம். "ஏனுங்க டீச்சர், ரெண்டு வருசமா ஆடிப் பாடிட்டுத்தான் வருது, ஒரு எழுத்து எழுதக் காணமுங்களே" என்று கேட்காத தாய் தகப்பன் குறைவு. அங்கன்வாடிப் பாடத்திட்டத்துக்கே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்றுதான் பெயர் என்று சொன்னால் சிரிப்பார்கள். இந்த ஆதங்கத்தைத்தான் டவுனில் பிளக்ஸ் வைத்துக் காசாக்குகிறார்கள். மூன்று வயதில் நான்கு கோடு நோட்டு! மணிக்கட்டில் இருக்கும் 8 எலும்புகளில் பெரும்பாலானவை அந்த வயதில் இன்னும் குருத்தெலும்பு. பென்சிலை முஷ்டியில் பிடித்துப் பழகிவிட்ட விரலைப் பிறகு திருத்துவது, புதிதாகப் பழக்குவதைவிட இரட்டை வேலை. அந்த வயதில் கடலைக்காய் உரிக்கவும் களிமண் உருட்டவும் விட்டால் போதும். அதற்குக் கட்டணம் வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975-லேயே வந்துவிட்டது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி.யும் தொடங்கினார்கள். என் குறை வேறு. அங்கன்வாடி ஒரு துறை, பள்ளிக்கூடம் இன்னொரு துறை. எங்கள் பள்ளியில் இரண்டும் ஒரே காம்பவுண்டில், நடுவில் ஒரு வேப்பமரம் மட்டும். பிள்ளையை இரண்டு மூன்று வருடம் மடியில் வைத்துப் பார்த்தவருக்குத் தெரிந்தது எதுவும் மரத்தைத் தாண்டி ஒன்றாம் வகுப்புக்கு வராது. கேட்கிற வழக்கமே கிடையாது.

நானும் கேட்டதில்லை. ஒரு பையன் கூப்பிட்டால் திரும்பமாட்டான். மந்தம் என்று நினைத்து, கடைசி வரிசையில் வலப்பக்கச் சுவரோரம் உட்கார வைத்தேன், திட்டவும் செய்தேன். அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் குழாயடியில் பார்த்தபோது பால்வாடி ஆயாம்மா சொன்னார்: "அவனுக்கு இடது காதுல சீழ் வருமுங்க, மூணு வயசுலருந்தே. நாங்க சோத்தாங்கைப் பக்கமா வந்துதான் பேசுவோம்." கேட்கிற காதைச் சுவருக்குக் கொடுத்து ஆறு மாதம் உட்கார வைத்திருக்கிறேன்.

எனவே ஒரு கோரிக்கை. ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஒன்றாம் வகுப்பு ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஒரு மதியம் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேச வேண்டும் என்று இரண்டு துறையும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். ஆயாம்மாவையும் கூப்பிட வேண்டும். இதற்குத் தனி நிதியோ கட்டடமோ தேவையில்லை. உங்கள் இதழில் வந்தால் மாவட்ட அலுவலகத்தில் யாராவது படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.