செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

லிவர்பூலில் இயங்கிவரும் நமது பழைய கன்சோல் (வீடியோ கேம் கருவி) ஆர்வலர் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. கோடைச் சந்தை வழக்கம்போல் நடந்தது. பிள்ளைகளுக்கு சாலிடரிங் வகுப்பு இரண்டு முறை நடத்தினோம். டிசம்பர் போட்டி இந்த ஆண்டு நடக்கவில்லை. அதற்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று பலரும் என்னைக் கேட்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சென்ற செப்டம்பரில், வீடு காலி செய்கிறவர் ஒருவரிடம் பழைய பிசி ஒன்று விலைக்கு வந்தது. மறுநாளே குப்பைக்குப் போகவிருந்தது. தலைவரிடம் போனில் ஒப்புதல் வாங்கி 140 பவுண்டு கொடுத்து எடுத்துவந்தேன். அக்டோபர் செயற்குழு அதை ஏற்றுக்கொண்டது, பதிவேட்டில் இருக்கிறது. மூடியைக் கழற்றினால் உள்ளே முழு நீளத்துக்கு இரண்டு ஐஎஸ்ஏ கார்டுகள், அதாவது பழைய பிசிக்களில் செருகும் சர்க்யூட் பலகைகள்: சோனியின் டிடிஎல்-எச்2000. முதல் பிளேஸ்டேஷன் கன்சோலுக்கு கேம் எழுதியவர்கள் அதை உருவாக்கவும் ஓட்டிப் பார்க்கவும் வைத்திருந்த கருவி, சுருக்கமாக டெவ்கிட். கூடவே ஒரு செருப்புப் பெட்டியில் 23 சிடி-ஆர் தட்டுகள் (வீட்டிலேயே பதியக்கூடிய சிடிகள்). மார்க்கரில் தேதி மட்டும் எழுதியிருந்தது.

இந்த கார்டுகளின் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. சோனி முதலில் ஒர்க்ஸ்டேஷன் எனும் விலை அதிகமான கணினிகளில்தான் கேம் எழுதச் சொல்ல நினைத்தது. 1984-ல் லிவர்பூலில் தொடங்கி 1993-ல் சோனியிடம் சேர்ந்த சைக்னோசிஸ் என்ற கேம் நிறுவனம், அது ஒத்துவராது என்று எஸ்என் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் கருவி நிறுவனத்தின் ஆண்டி பெவரிட்ஜ், மார்ட்டின் டே இருவரையும் அழைத்து வந்தது. சாதாரண பிசியில் இரண்டு கார்டு செருகினால் போதும் என்று அவர்கள் 1994 ஜனவரியில் லாஸ் வேகாஸில் செய்து காட்டினார்கள். சோனி தன் திட்டத்தையே மாற்றிக்கொண்டு 600-க்கும் மேற்பட்ட கிட்களுக்கு ஆர்டர் கொடுத்தது.

"உள்ளே வெளிவராத கேம் ஏதாவது இருந்தாலும் அதைத் தோண்டி என்ன ஆகப்போகிறது, எல்லாவற்றையும் விற்றுவிடலாமே" என்று செயற்குழுவிலேயே பேச்சு எழுந்தது. சோனியும் நின்டெண்டோவும் சேர்ந்து செய்து, கடைக்கே வராத 'நின்டெண்டோ பிளேஸ்டேஷன்' மாதிரிக் கருவி ஒன்று 2020-ல் 3,60,000 டாலருக்கு ஏலம் போனதையும் சொன்னார்கள். நான் விற்பனைக்கு எதிரி அல்ல. முதலில் நகல், பிறகு மற்றது என்பதே என் நிலை. எஃப்-ஜீரோ எக்ஸ் என்ற கேம் இருந்த ஒரு நின்டெண்டோ 64 கன்சோலின் டெவலப்மெண்ட் கார்ட்ரிட்ஜை (கேம் எழுதுவோர் பயன்படுத்தியது) 2021-ல் கடைசி பைட் வரை நகலெடுத்தபோதுதான், 'செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்' என்ற வேறொரு கேமின் பழைய வடிவத்தின் துண்டுகள் அதற்குள் அழியாமல் கிடப்பது தெரிந்தது. நகலெடுக்காமல் ஒரு அலமாரிக்குப் போயிருந்தால் அது அங்கேயே மக்கியிருக்கும்.

பிசியை உடனே ஆன் செய்யவில்லை. மதர்போர்டு பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. அதை எடுத்துச் சுத்தம் செய்யவே ஒரு சனிக்கிழமை போயிற்று. ஹார்டு டிஸ்க்கைத் தனியே கழற்றி, அதில் எதுவும் எழுதப்படாதபடி தடுக்கும் அடாப்டர் வழியாகப் படித்தோம். உள்ளே ஒரு முடிவடையாத கேம் இருந்தது. இந்த ஊரில் இயங்கி, மூடப்பட்ட ஒரு சிறு நிறுவனம் செய்தது. தட்டுகளில் ஒன்றிலும் அதே கேம் இருந்ததால் நம்மிடம் உள்ள நீல நிற டீபக் பிளேஸ்டேஷனில் (கேம் நிறுவனங்கள் சோதனைக்கு வைத்திருந்த கன்சோல்) போட்டுப் பார்த்தோம்; தலைப்போடு நின்றுவிட்டது. கடையில் விற்ற கன்சோலைப் போல அதற்கும் 2 எம்பி நினைவகம்தான். டெவ்கிட்டில் 8 எம்பி. எழுதியவர்கள் கேமை 2 எம்பிக்குள் அடங்கும்படி இன்னும் இளைக்க வைக்கவில்லை. டெவ்கிட்டில் ஏற்றியதும் ஓடியது.

ஒரு சிறுமி கலங்கரை விளக்கத்தின் படியேறிப் போகிறாள். சுவரெல்லாம் வெறும் சாம்பல் நிறம், மூலையில் அவள் நிற்கும் இடத்தைக் காட்டும் எண்கள் ஓடுகின்றன. மூன்றாம் தளத்தோடு படிகள் முடிந்து, மேலே கருப்பு. ஆனால் நிரலோடு கிடந்த எஸ்ஒய்எம் கோப்பில் (நிரலின் பகுதிகளுக்கான பெயர்ப் பட்டியல்), எழுதியவர்கள் வைத்த பெயர்கள் அத்தனையும் இருக்கின்றன: நான்காம் தளம், புயல், 'லைட் த லேம்ப்'. அவள் ஏறியது விளக்கேற்றத்தான்.

அதை எழுதியவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். ஓய்வுபெற்றவர். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து, உட்காராமல் நின்றபடியே படி முடியும் இடம் வரை விளையாடினார். நான்காம் தளத்தைத் தன் நண்பர் முடித்திருந்தார், அது வேறொரு தட்டில் இருந்தது என்றார். உரிமை இப்போது யாரிடம் என்பது தெளிவாகும்வரை நகல் சங்கத்துக்குள்ளேயே இருக்கும் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்று வந்திருந்த உறுப்பினர்கள் நான்கு பேர். நாம் 38 பேர் இருக்கிறோம். ஒரு மாதம் முன்பே அறிவித்து, முதல் நாள் மாலை எல்லோருக்கும் மறுபடியும் செய்தி அனுப்பினேன். உடம்புக்கு முடியாதவர்களையும் வேலைக்குப் போனவர்களையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதருக்கு எதிரே காலி நாற்காலிகள் கிடந்ததைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சந்தாவும் அப்படித்தான். ஆண்டுக்கு 20 பவுண்டு. செலுத்தியவர்கள் 17 பேர். மூன்றாண்டு பாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. வரவும் செலவும் ஏறக்குறைய சமம். சிறு பற்றாக்குறையைக் கையிருப்பிலிருந்து ஈடுகட்டினோம். விவரம் பொருளாளரிடம் உள்ளது.

தலைவருக்கும் பொருளாளருக்கும், அறையைக் குறைந்த வாடகைக்குத் தரும் நூலகத்தாருக்கும், தேநீர் பொறுப்பை ஏற்ற அன்பருக்கும் நன்றி.

23 தட்டுகளில் 12 முழுமையாக நகலாகிவிட்டன. ஐந்து பாதி. ஆறு இன்னும் படிக்கப்படவில்லை. அவற்றில் இரண்டின் வெளி விளிம்பில், தரவைத் தாங்கும் சாயம் வெளுத்துவிட்டது. மெதுவான வேகத்தில், இரண்டு மூன்று டிரைவ்களில் மாற்றி மாற்றிப் படித்து, தேறிய செக்டர்களை (தரவுத் துண்டுகளை) ஒன்றுசேர்க்க வேண்டும். ஒரு தட்டுக்கே ஒரு நாள் ஆகிவிடும். ஒருவர் மட்டும் அறையில் இருக்க நூலக விதி அனுமதிக்காது. நான்காம் தளம் அந்த ஆறில் ஒன்றில் இருக்கலாம். செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு யாரேனும் முன்வந்தால் மனமார ஒப்படைப்பேன். அந்தத் தட்டுகளைப் படித்து முடிக்கும்வரை பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன்.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு அறையைத் திறக்கிறேன். ரசீதுப் புத்தகமும் மேசை மேலேயே இருக்கும்.

பணிவன்புடன்,
செயலாளர்